நான் படித்துக் காட்டிய பலவீனம்

காளவாசலில் ஒரு செருப்புக்கடைக்கு மேல் மாடியில் என் ஆபீஸ். ஆபீஸ் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். ஒரு மேஜை, கம்ப்யூட்டர், பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார நாலு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். தொழில் தொடங்கக் கடன் கேட்கிறவர்களுக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. என்ன தொழில், எங்கே, யார் வாங்குவார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று பதினைந்து இருபது பக்கம் போகும். அதில் ஒரு பக்கம் ஸ்வாட். ஒரு பெரிய கட்டத்தை நாலாகப் பிரித்து, பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று தலைப்புப் போட்டு நிரப்ப வேண்டும்.

மூன்று கட்டத்தை நிரப்ப எனக்கு ஒருநாளும் சிரமம் வந்ததில்லை. பலம் என்னவென்று கேட்டால் போதும், நம் ஊர்க்காரர்கள் டீ ஆறும்வரை பேசுவார்கள். இரண்டாவது கட்டத்தில்தான் வண்டி நின்றுவிடும். "உங்ககிட்ட என்ன குறை இருக்கு" என்று கேட்டால் முகம் சுருங்கிப்போகும். நல்ல காரியம் பேச வந்த இடத்தில் இவள் என்ன அபசகுனமாகக் கேட்கிறாள் என்று பார்ப்பார்கள். அறிக்கையின் முதல் தாளில் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவிவிட்டுத்தான் பலர் கையெழுத்தே போடுகிறார்கள். மஞ்சள் தடவிய காகிதத்தில் குறையை எழுது என்றால் எழுதுவார்களா? ஒரு அம்மா, "மொதல்ல வாயக் கொப்புளிங்க" என்று என்னிடமே தண்ணீர் பாட்டிலை நீட்டியிருக்கிறார்.

அதனால் நான் ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். 'விளம்பரம் போதாது. தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் குறைவு.' இந்த இரண்டு வரியைக் கம்ப்யூட்டரில் தனியாகச் சேமித்து, யார் வந்தாலும் இரண்டாவது கட்டத்தில் ஒட்டிவிடுவேன். யாருக்கும் வருத்தமில்லை, எனக்கும் வேலை சீக்கிரம் முடியும்.

இது எத்தனை நாளைக்கு ஓடும்? தொழில் பயிற்சி ஒன்றில், பயிற்சிக்கு வந்தவர்களுடைய திட்டங்களைத் தயாரித்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அங்கே கடனுக்குத் திட்டங்களைத் தேர்வு செய்யும் குழுவின் தலைவர் என் பழைய அறிக்கைகளில் நாலைந்தை வரிசையாகப் பரப்பி வைத்து, "என்ன மேடம், பரோட்டாக்கடைக்கும் பல்லாஸ்பத்திரிக்கும் ஒரே பலவீனமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். வேறு யாராவது கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் அவர் கேட்டது நியாயம். இந்தத் தடவை உண்மையான ஸ்வாட் எழுதிக் காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் சபதம் போட்டுக்கொண்டேன். அந்த ரோஷம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஆனால் அடுத்தவர் முதுகு எல்லாருக்கும் நன்றாகத் தெரியும். அதை வைத்து ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். "உங்க குறை என்ன" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இதே தொழிலை உங்க மச்சான் ஆரம்பிச்சா எங்க இடிக்கும்" என்று கேட்க ஆரம்பித்தேன். அடேயப்பா, மடை திறந்த மாதிரி கொட்டினார்கள். அப்பளத் தொழில் தொடங்க வந்த ஒரு பெண்ணிடம் அவளுடைய நாத்தனாரைப் பற்றிக் கேட்டு ஒரு பக்கம் எழுதினேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதில் பாதி அவளுடைய குறையேதான். எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தின் மேல் ஏக பெருமை.

அந்தப் பயிற்சிக்கு ஒரு பரோட்டா மாஸ்டர் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சொந்தமாகச் சின்னக் கடை. பாதி வெந்த பரோட்டாவைப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டும், வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் கல்லில் போட்டுச் சூடு பண்ணிச் சாப்பிடுவார்கள் என்பது அவர் திட்டம். "அரைவேக்காட்டுப் பரோட்டான்டு மட்டும் பேரு வச்சிராதீங்கண்ணே" என்றேன். "ஏன் மேடம், நம்ம ஊர்ல அதுக்கும் ஆளு இருக்கும்" என்றார். வகுப்பில் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியும் பேனாவும் செருகி முதல் வரிசையில் உட்காருவார். கேள்வி கேட்டால் வாயால் பதில் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கையெழுத்துப் போடச் சொன்னால் தாசில்தார் மாதிரி ஒரே இழுப்பில் போடுவார்.

திட்டம் எழுத மனைவியோடு என் ஆபீசுக்கு வந்தார். பேச்சு இரண்டாவது கட்டத்துக்கு வந்ததும், அவரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, அந்த அம்மாவிடம் என் உபாயத்தைப் போட்டேன். "நீங்க இல்லாம உங்க வீட்டுக்காரர் தனியா இந்தத் தொழில்ல இறங்குறாருன்டு வச்சுக்கங்க. எங்க இடிக்கும்?"

அந்த அம்மா படிக்கட்டைப் பார்த்தார். அவர் ஏறி வரவில்லை என்று தெரிந்ததும் குரலை இறக்கினார்.

"அவுகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது மேடம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வாரமாக முதல் வரிசையில் உட்கார்ந்தவர்.

"ஒம்பது வயசுல எச்சித் தட்டு கழுவ வந்தாக. பள்ளிக்கூடத்து வாசல்லகூட நின்டதில்ல. அந்தக் கையெழுத்து நான் போட்டுக் குடுத்தது, கோலம் மாதிரிப் பாத்துப் பாத்துப் பழகுனாக. பேப்பரு வந்தா படம் பாப்பாக. பஸ்ஸுக்கு நின்டா பக்கத்துல உள்ளவன எங்கிட்டுப் போகுதும்பாக. பஸ் ஸ்டாண்டுல எல்லாரும்தானே கேக்குறாக, யாருக்குத் தெரியப்போகுது. எங்க மகளுக்கே தெரியாது மேடம். காலேஜு படிக்கிறா. மார்க் சீட்டு வந்தா மொத அவுக கையிலதான் குடுப்பா. கண்ணாடியப் போட்டு மேலயும் கீழயும் பாத்துட்டு, நல்லாருக்குத்தா, இன்னும் ரெண்டு மார்க் வாங்கியிருக்கலாம்பாக. அவளும் சரிப்பாம்பா. இது நம்மளோட இருக்கட்டும் மேடம்."

"என்னை என்னன்டு நெனச்சீங்க" என்றேன். இதே வாயால்தான் சொன்னேன். அவர் டீயோடு ஏறி வந்தார். டம்ளருக்கு மேலே மூடி வைத்திருந்த பேப்பரில் ஏதோ விளம்பரம் இருந்தது. அதை அவர் சும்மா பார்ப்பது போலப் பார்த்துக் கசக்கி எறிந்ததை அன்றைக்குத்தான் நான் கவனித்தேன்.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். 'உரிமையாளருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதிவுகளை மனைவி பார்த்துக்கொள்வதால் இது ஈடுசெய்யப்படுகிறது.' எழுதும்போது எனக்குள் ஒரு வாதம் நடந்தது என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். உண்மையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. குழுவில் மூன்று பேர், அவர்கள் மட்டும்தான் படிக்கப் போகிறார்கள், அவர்களிடம் மறைக்கக் கூடாது, இது அவருக்கு நல்லதுதான் என்று இரண்டு நிமிடத்தில் சமாதானம் ஆகிவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் முகம் இதைப் படிக்கும்போது எப்படி மாறும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் போயிருக்கும். பயிற்சியின் நிறைவு நாளுக்கு ஒவ்வொருவர் போட்டோவையும் பெரிதாகப் போட்டு, கீழே அவரவர் நாலு கட்டத்தையும் அச்சடித்து, ஆளுயர ஃபிளெக்ஸாக நிறுத்தலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். குடும்பத்தோடு வருவார்கள், பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்றேன். அதற்காக எல்லாருடைய பலவீனத்தையும் மழுப்பி வேறு ஃபைல்கள் தயார் செய்தேன். மாஸ்டருக்கும் செய்தேன். ஆனால் ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பும்போது அவருடையதில் மட்டும் பழைய ஃபைல் போய்விட்டது.

கடைக்காரர் அச்சடிக்கும் முன்னால் ஒவ்வொன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டு ஓகே சொல்லுங்க" என்று கேட்டார். நான் அப்போது கேஸ் சிலிண்டர் கொண்டுவராதவனோடு இன்னொரு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்தவர் அறிக்கையில் ஒரு காற்புள்ளி தவறினாலும் கத்துகிறவள் நான். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை வரிசையாகத் தட்டி அனுப்பினேன். படிக்கத் தெரிந்தவள்தான், படிக்கவில்லை.

டி. கல்லுப்பட்டி போகிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. காலையில் நான் போனபோது மாஸ்டர் எனக்கு முன்னால் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப்பையில் கண்ணாடி. தன் ஃபிளெக்ஸ் பக்கத்திலேயே நின்றார். போட்டோவில் பரோட்டாவை வீசுகிற மாதிரிக் கையைத் தூக்கியிருந்தார். போகிறவர்கள் வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, "வாங்கண்ணே, நம்ம திட்டத்தப் பாத்துட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் நின்று படித்தார்கள். படித்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அவருக்கு அந்தப் பார்வை பெருமையாகப் பட்டிருக்க வேண்டும்.

"மேடம், வாங்க வாங்க. கண்ணாடில பவர் மாறிருச்சு போல, எழுத்து மங்கலா தெரியுது. என்னென்ன போட்டிருக்கீகன்டு ஒருதடவ படிச்சுக் காமிங்க. எம்மக வந்து கேட்டா சொல்லணும்ல."

எனக்கு உற்சாகம். முதல் கட்டத்தைக் கச்சேரி மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தேன். நாற்பது வருட அனுபவம், கைப்பக்குவம், நிலையான வாடிக்கையாளர்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அடுத்த கட்டத்துக்கு விரலைக் கொண்டுபோனேன். 'உரிமையாளருக்கு எழுதப் படிக்கத் தெரியாது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

என் விரல் அங்கேயே நின்றது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பலவீனம்" என்றேன். "விளம்பரம் போதாது. தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் குறைவு."

"அம்புட்டுத்தானா?" என்று சிரித்தார். "நான் என்னமோ ஏதோன்டு நெனச்சேன். விளம்பரம் பண்ணிருவோம் மேடம்."

ஃபிளெக்ஸைக் கழற்றி உள்ளே வைக்கலாம் என்று பார்த்தேன். "கால் ஆடுது, சரி பண்ணிக் கொண்டாறேன்" என்று சட்டத்தில் கை வைத்ததும் அவர் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். "நல்லாத்தானே நிக்குது. எம்மக வர்ற நேரம் மேடம், இருக்கட்டும்." வரவேற்பு மேஜையில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் இருந்தன. வேறு எதுவும் தோன்றவில்லை. கிண்ணத்தை எடுத்துவந்து, "எல்லாத்துக்கும் பொட்டு வைக்கிறோம்ண்ணே, நல்ல காரியம்" என்று சொல்லி, நாலு விரலிலும் சந்தனத்தை அள்ளி அந்த வரியின் மேல் அப்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு மண்டபத்தின் நடுவில் நின்று அதைத்தான் செய்தேன்.

"என்ன மேடம், பொட்டு இம்புட்டுப் பெருசா?" என்றார். மற்ற ஃபிளெக்ஸ்களுக்கு ஏன் வைக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

கொஞ்ச நேரத்தில் மனைவியும் மகளும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மகள் அப்பாவுடைய படத்தைப் பார்த்ததும் செல்போனை எடுத்துவிட்டாள். "அப்பா, சூப்பரா இருக்குப்பா, பக்கத்துல நில்லுங்க." போட்டோ எடுக்கும் முன்னால், "யாருப்பா இப்படி அசிங்கமா அப்பி வச்சது" என்று சொல்லிக்கொண்டே துப்பட்டா நுனியால் சந்தனத்தை அழுத்தித் துடைத்தாள். அது ஃபிளெக்ஸ். ஒரே இழுப்பில் சுத்தமாகிவிட்டது.

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். நான் நாலடி தூரத்தில் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அவளுடைய அம்மா அந்த வரியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னத்தா, என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார் மாஸ்டர். மகளின் முகம் மாறியதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஒண்ணுமில்லப்பா. ஸ்பெல்லிங் மிஸ்டேக்" என்றாள். பிறகு திரும்பி, அந்தக் கட்டத்தின் மேல் தன் முதுகை வைத்து மறைத்துக்கொண்டு நின்றாள். "நீங்க வாங்க, உக்காரலாம்" என்று அம்மா கூப்பிட்டும் நகரவில்லை.

நான் ஓடிப்போய்க் குழுத் தலைவரைத் தனியாகப் பிடித்திருக்கலாம். உங்கள் கையில் இருக்கும் அறிக்கையில் அதே வரி இருக்கிறது, தயவுசெய்து சத்தமாகக் கேட்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் வந்தார். அறிக்கையைப் புரட்டினார். கெட்ட எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, நாலு பேருக்குக் கேட்கிற குரலில், "எழுதப் படிக்கத் தெரியாதுன்னு ஒளிவுமறைவில்லாம எழுதிக் கொடுத்திருக்கீங்க. இந்தத் தைரியம் யாருக்கு வரும்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். என் பக்கம் திரும்பி, "இதுதான் மேடம் ஸ்வாட்" என்றார்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு, முதுகால் மறைத்துக்கொண்டு நிற்கும் மகளைப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றார்.

பந்தியில் அவர்கள் உட்காரவில்லை. வெயிலில் மூன்று பேரும் பஸ்ஸுக்கு நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் வந்து நின்றது. வழக்கம்போல யாரிடமோ கேட்க மாஸ்டர் வாயெடுக்கும் முன்னால், மகள் போர்டைப் படித்து அவரிடம் சொன்னாள்.

அவருடைய திட்டம்தான் முதலில் தேர்வானது. அதனால் யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கு இன்னும் நாலு பயிற்சிகளில் வேலைகூடக் கிடைத்தது. பத்து நாள் கழித்து அவருடைய மனைவியின் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்கலாம் என்று போன் செய்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அவ நல்ல பிள்ளைதான் மேடம். ஒரு வார்த்த கேக்கல. இப்பல்லாம் எந்தப் பேப்பரு வந்தாலும் அவளே பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காமிக்கிறா. நேத்து மார்க் சீட்டு வந்துச்சு. அவுக கையில குடுக்கல, வாசிச்சா. தொண்ணூத்தி ரெண்டு வாங்கியிருக்கா. அவுக தலையத் தூக்கவே இல்ல மேடம்."

மறுநாள் ஆரப்பாளையம் போனேன். மதியக் கூட்டம் கலைந்து கடையில் அவர் மட்டும் இருந்தார். வாங்க மேடம் என்று சொல்லி, இலை போட்டு, கேட்காமலேயே இரண்டு பரோட்டா வைத்துச் சால்னா ஊற்றினார். நான் மன்னிப்பு என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க இல்லாததையா எழுதிட்டீக. உள்ளதத்தானே எழுதுனீக. கை தவறி அச்சுல வந்துருச்சு, விடுங்க." பிறகு மாவுப் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "ஒண்ணே ஒண்ணுதான் மேடம். அன்னைக்குக் காலைல நான் படிச்சுக் காமிங்கன்டு கேட்டேன்ல. அப்ப எம்மக வரல. உள்ளத உள்ளபடி நீங்க படிச்சிருந்தா, நானே அதச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். எனக்கு யாரு எத வாசிச்சுச் சொல்றாகளோ அதுதான் மேடம் எழுத்து. வேற நான் என்னத்தக் கண்டேன்."

நான் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துச் சால்னாவில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது தபால்காரர் வந்து ஒரு நீளமான கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். கடன் கொடுக்கிற இடத்திலிருந்து வந்தது என்று மேலே இருந்த முத்திரையிலேயே எனக்குத் தெரிந்தது. அவர் கவரைப் பிரித்து, தாளை விரித்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

"குடுங்கண்ணே" என்றேன், கையைத் துடைத்துக்கொண்டு. "நான் படிக்கிறேன்."

அவர் தாளை முன்போலவே மடித்தார். சட்டைப்பையில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார்.

"இருக்கட்டும் மேடம்" என்றார். "எம்மக வரட்டும்."